உலுக்கிப் பார்த்த கூடு

நாலு தோட்டாக் கூடுகளை உள்ளங்கையில் அள்ளி, தாயக்கட்டையை உலுக்குவதுபோல் உலுக்க வேண்டும். நாலும் பழுதில்லாமல் இருந்தால் கைக்குள் சலங்கை கட்டியதுபோல் ‘கிணிங் கிணிங்’ என்று சுத்தமாகப் பேசும். ஒன்றில் மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், ஓட்டைச் சட்டியில் கரண்டி பட்டதுபோலச் சத்தம் பிசிறடிக்கும். பிசிறு கேட்டால் நாலையும் தனித்தனியாகப் பார்த்து, கோளாறானதைக் கழித்துவிட வேண்டும். செல்லமுத்துவின் வேலை இதுதான்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையை விட்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே, கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குவாரிக்குள் இருந்தது அந்தத் துப்பாக்கி கிளப். மூன்று பக்கமும் ஐம்பதடிப் பாறைச் சுவர். குண்டு தப்பிப் போக வழியே இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் மில் முதலாளிகள், வக்கீல்கள், டாக்டர்கள், ரிட்டையரான போலீஸ்காரர்கள் எல்லாம் காரில் வந்திறங்கி, அட்டையில் வரைந்த வட்டத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு வெடிக்கும் பிஸ்டலிலிருந்து ஒரு பித்தளைக் கூடு துள்ளிக் கீழே விழும். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். புதுத் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் விழுந்த கூடுகளைப் பொறுக்கி, கழுவி, தரம் பிரித்து, மறுபடி அடியில் பொறி கிளப்புகிற கேப் வைத்து, மருந்து போட்டு, வாயில் ஈயக்குண்டை இறுக்கிப் பயிற்சிக்குக் கொடுப்பார்கள். அதற்கென்று வாங்கிய லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

கழுவிப் பிரிப்பது செல்லமுத்து. மருந்து அடைப்பது முன்பு அறிவழகன், இப்போது ரஞ்சனி.

செல்லமுத்துவுக்கு ஐம்பத்தாறு வயது. திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே மல்லசமுத்திரத்துக்காரர். பதினெட்டு வயதில் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் ஏறியவர். ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஒரிசா என்று இருபத்தாறு வருசம் ஊர் ஊராகப் பூமியைத் துளைத்தவர். கம்ப்ரசர் பக்கத்தில் நின்றுகொண்டு, ராடு இறங்குகிற அதிர்வை வைத்தே “கருங்கல்லு முடிஞ்சுது, இன்னும் பத்தடியில தண்ணி” என்பார். பெரும்பாலும் பலித்தது. கிளப் செக்ரட்டரி குமாரசாமியின் கோழிப்பண்ணையில் செல்லமுத்து போட்ட ஐந்து போரிலும் தண்ணீர் வந்தது. முட்டி தேய்ந்து வண்டியை விட்டு இறங்கி ஊரில் சும்மா கிடந்தவரைக் குமாரசாமிதான் கூப்பிட்டு இந்த வேலையில் உட்கார வைத்தார்.

“பாறைக்குள்ள ஓடற தண்ணியவே காதுல கேட்ட ஆளுங்க இது. பித்தளைல இருக்கற விரிசலு கேக்காதாக்கும்?” என்று கிளப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார். செல்லமுத்துவுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் பின்னால் ஒருவர் கையைக் காவு வாங்கியது.

வேலையைக் குறை சொல்ல முடியாது. கூடுகளைப் புளித்தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைப்பார். வீட்டில் குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல்தான். சாக்கில் பரப்பி வெயிலில் காயவைப்பார். அடியில் பொறித்திருக்கிற கம்பெனி எழுத்தைப் பார்த்து ரகம் பிரிப்பார். வாய் நெளிந்ததை, அடி உப்பியதை, கேப் உட்காருகிற குழி தளர்ந்ததைக் கண்ணாலேயே கழிப்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குத்தான் உலுக்கல். நல்லது ஒரு டின், கழித்தது ஒரு டின். நல்ல டின்னில் அவர் போட்டால் போட்டதுதான். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்டதில்லை.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராசிபுரம் பல் டாக்டர் தீனதயாளன் சுட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது குண்டில் பிஸ்டல் அவர் கைக்குள்ளேயே பிளந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போயின. கட்டைவிரல் இருக்கிறது, மடங்காது. பல்லுக்குள் ஊசி நுழைக்கிற கை அது.

போலீஸ் வந்தது. கூட்டின் வாய்ப்பக்கம் மட்டும் கிடைத்தது. அடிப்பக்கத்தைத் தேடினார்கள், அகப்படவில்லை. மருந்து அடைத்தது யார் என்று கேட்டார்கள். அறிவழகன் என்றார்கள். ஒரே கூட்டில் கைமறதியாக இரண்டு தடவை மருந்து போட்டுவிட்டான் என்று முடிவாயிற்று. “ஒரு தடவைதாங்க போட்டேன், எம் புள்ள மேல சத்தியமுங்க” என்று அவன் ஆபீஸ் வாசலில் நின்று சொன்னதை எல்லாரும் கேட்டார்கள், யாரும் நம்பவில்லை. கிளப்பின் லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். அறிவழகனுடைய வேலை போயிற்று. இப்போது புதுச்சத்திரத்தில் முட்டை லாரி ஏற்றுகிறான்.

நாலாம் நாள் செல்லமுத்து பாறை இடுக்கில் சருகு கூட்டும்போது அந்த அடிப்பக்கம் விளக்குமாற்றில் சிக்கியது. எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். கிழிந்த விளிம்பில் ஒரு பாதி புதுப் பித்தளையாகப் பளபளத்தது. மறுபாதி கறுத்துக் கிடந்தது.

போர் வண்டியில் ராடு முறிந்தால் முறிந்த வாயை முதலில் பார்ப்பார்கள். பளபளப்பாக இருந்தால் இப்போது முறிந்தது. துரு ஏறியிருந்தால் விரிசல் பழையது, பார்க்காமல் இறக்கியவன் மேல் தப்பு. இது அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தக் கறுப்பு, கூட்டைக் கழுவியபோதே இருந்திருக்கிறது. உள்ளங்கையில் உலுக்கியபோதே இருந்திருக்கிறது. ‘கிணிங்’ என்றுதான் கேட்டது அவருக்கு. நல்ல டின்னில் போட்டது அவர் கை.

அன்று அவர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். சுண்ணாம்பு டப்பியைக் காலி செய்து அதற்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதிலிருந்து வெற்றிலை போடுவதும் நின்றுபோனது.

அதற்குப் பிறகு அது அவரை விடவில்லை. கண்ணை மூடினால் வந்தது என்றால்கூடப் பரவாயில்லை. பட்டப்பகலில் வந்தது. டப்பி நெஞ்சில் இடிக்கும்போதெல்லாம் உள்ளே அந்தத் துண்டு புரண்டது. பஸ்ஸில் யாராவது கம்பியைப் பிடித்திருந்தால் விரல்களை எண்ணினார். சாப்பிட உட்கார்ந்தால் கை தானாகச் சோற்றைப் பரப்பி, ஒவ்வொரு பருக்கையாகப் புரட்டிப் பார்த்தது.

“சோத்துல என்னத்தைத் தேடறீங்க?” என்பாள் மனைவி மாரக்காள். “கல்லுக் கெடந்தாச் சொல்லுங்க. இல்லீன்னா அள்ளித் திங்கறதுதான?”

“ஒண்ணுமில்ல.”

“இந்த ஒண்ணுமில்லயத்தான் ஏழு மாசமாத் தேடறீங்க.”

கார்த்திகையில் கிளப்புக்கு லைசென்ஸ் திரும்பி வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வெளியூர் கிளப்புகளையும் அழைத்துப் போட்டி என்று பேனர் அடித்தார்கள். செல்லமுத்து மறுபடி சாக்கில் உட்கார்ந்து உலுக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை ஒவ்வொரு நாலையும் மூன்று தடவை உலுக்கினார். மூன்று தடவையும் சுத்தமாகத்தான் கேட்டது. அன்றைக்கு ஏதோ ஒரு நினைப்பில் கை தவறிவிட்டது, காது தவறவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ரஞ்சனி டீ கொண்டுவந்தாள். எடப்பாடிக்காரி, முப்பது வயது, தறிக்குடும்பம். சேலத்தில் ஒரு வால்வு கம்பெனியில் அளவு பார்க்கிற வேலையில் இருந்தவள். தோளைத் தொட்டபோதுதான் செல்லமுத்து திரும்பினார்.

“ஏன் அம்மிணி, பூனையாட்ட வந்து நிக்கற?”

“பூனையா? மூணு வாட்டி அண்ணா அண்ணான்னு கத்தியாச்சுங்க. எங்கம்மாளும் இப்புடித்தான். முப்பது வருசம் பவர்லூமுக்குள்ள நின்னுது. இப்ப நம்ம வாயப் பாத்துத்தான் பதில் சொல்லுது. பின்னால நின்னு பேசினா கோயில் செலையாட்ட நிக்கும்.”

“உங்கம்மா கதை வேற. என்ற காது போர் வண்டிக் காது.”

“ஆமாங்க. ஆயிரமடி ஆழத்துல கேக்கும், அரையடி தூரத்துல கேக்காது” என்று சிரித்துவிட்டு டம்ளரைச் சாக்கின் ஓரத்தில் வைத்துப் போனாள்.

செல்லமுத்து டீயைக் குடித்தார். காலி டம்ளரைத் தள்ளி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை யார் யார் வருவார்கள் என்று யோசித்துக்கொண்டே கையை மூடி உலுக்கினார்.

கிணிங் கிணிங்.

சுத்தம். நல்ல டின்னுக்கு மேலே கையைக் கொண்டுபோய் விரித்தார். டின்னில் எதுவும் விழவில்லை.

உள்ளங்கையைப் பார்த்தார். வெறுங்கை. எடுக்க நினைத்த நாலு கூடும் சாக்கின் மேல், டம்ளருக்குப் பக்கத்தில், எடுக்காமலே கிடந்தன.

பிறகு வெறுங்கையை மறுபடி மூடினார். உலுக்கினார்.

கிணிங் கிணிங்.

கையை நிறுத்தினார். மெலிதாக, கம்பி இழுத்ததுபோல் அது தொடர்ந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அப்போதும் தொடர்ந்தது. பொத்தினால் இன்னும் நன்றாகவே கேட்டது. சத்தம் கையில் இல்லை, கூட்டில் இல்லை. இருபத்தாறு வருசம் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றதற்கு மிச்சமாகக் காதுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. எந்நேரமும் இருந்ததால் அது ஒரு சத்தம் என்றே அவருக்குத் தெரியவில்லை. கை ஆடும்போது மட்டும் கவனித்தார். கவனித்தபோதெல்லாம் கிணிங் என்றது. நல்ல கூட்டுக்கும் அதுதான். ஓட்டைக் கூட்டுக்கும் அதுதான். விரிசலை எப்போதாவது கண்ணால் கண்டுபிடித்ததுதானே தவிர, காதால் ஒன்றைக்கூட அவர் கழித்ததில்லை. இத்தனை வருசத்தில் ஒன்றைக்கூட.

“வெறுங்கைய ஆட்டீட்டு இருக்கறீங்க? பேய்கூடத் தாயம் ஆடறீங்களாண்ணா?”

டம்ளர் எடுக்க வந்த ரஞ்சனி எதிரில் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

“அம்மிணி, சித்த உக்காரு. இந்த நல்ல டின்னுல இருந்து நாலு நாலா எடுத்து உலுக்கு.”

“எனக்கெதுக்குங்க? நீங்க பாத்ததுதான?”

“உலுக்குன்னா உலுக்கு.”

அவள் உட்கார்ந்து உலுக்கினாள். முதல் கை, இரண்டாம் கை, மூன்றாம் கை. ஒன்பதாவது கையில் அவள் புருவம் சுருங்கியது. அவர் காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவள் நாலையும் பிரித்து, ஒன்றை எடுத்து நகத்தால் வருடி, சாக்கில் தனியே வைத்தாள். டின் காலியாவதற்குள் தனியே ஐந்து சேர்ந்திருந்தது. அந்த ஐந்தையும் அள்ளி அவர் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஆட்டினாள்.

“தகர டப்பாவாட்ட இருக்குதுங்களே! இது கேக்கலீங்களா?”

“கேக்குது. சுத்தமாத்தான் கேக்குது.”

ரஞ்சனியின் கை கீழே இறங்கியது.

“அண்ணா, நீங்க குடுத்ததுல ஞாயித்துக்கெழமைக்கு முந்நூறு அடைச்சு வெச்சுட்டனுங்களே. மருந்தும் குண்டும் உள்ள போயிட்டா உலுக்கினா ஒண்ணும் தெரியாதுங்க. அதுல ஒண்ணு வெடிச்சா?” அவள் குரல் உயர்ந்தது. “ரஞ்சனி ரெண்டு வாட்டி மருந்து போட்டுட்டாம்பாங்க. அறிவண்ணனச் சொன்ன மாதிரியே...”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திக்கொண்டாள். அவர் முகத்தையே பார்த்தாள். செல்லமுத்துவின் கை சட்டைப்பையை மூடிக்கொண்டது.

“செக்ரட்டரிகிட்ட நானே சொல்றேன்” என்றார்.

மறுநாள் காலையில் பண்ணைக்குப் போனார். குமாரசாமி தீவன மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். செல்லமுத்து தன் காதைப் பற்றி மட்டும் சொன்னார். ஐந்து கூட்டைப் பற்றிச் சொன்னார். குமாரசாமி குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அந்தப் புள்ளைக்கு மட்டுந்தான தெரியும்?”

“ஆமாங்க.”

“அப்ப இனிமே அதையே உலுக்கச் சொல்லீர்றேன். நீங்க கழுவிக் காயவெச்சுக் குடுங்க, போதும். நானென்ன உங்களப் போகச் சொல்லுவனா?”

“இல்லீங்க, அடைச்சு வெச்ச முந்நூறு...”

“அதுக்கென்ன?”

“அதுலயும் விரிசல் இருக்குமுங்க. நூத்துக்கு ரெண்டாவது இருக்கும்.”

“அட இருந்துட்டுப் போகுது சாமி. இத்தன வருசமா நீங்க காது கேக்காமத்தான பிரிச்சீங்க? எல்லாமா வெடிச்சுப் போச்சு? விரிசல்ல கொஞ்சம் புகை வரும், அவ்வளவுதான். அன்னிக்கு வெடிச்சது மருந்து சாஸ்தியாகி. போலீசே எழுதியாச்சு. ஈரோட்டுலருந்து, கோயமுத்தூருலருந்து ஆளுங்க வராங்க. கையில இருக்கறது அந்த முந்நூறுதான். இப்பப் போயி அத ஒதுக்கினா, ஏன்னு கேட்டா என்ன சொல்ல? போன லைசென்ஸு இப்பத்தான் திரும்பி வந்திருக்குது.”

அன்றைக்கு வெடித்தது மருந்தால் இல்லை என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி செல்லமுத்துவின் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்டினால் ஞாயிற்றுக்கிழமை நின்றுவிடும். எடுத்துக் காட்டினால், ஏழு மாசம் அதை எங்கே வைத்திருந்தாய் என்று கேட்பார்கள். கை பை வரைக்கும் போயிற்று. டப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

“இன்னொண்ணு கேளுங்க” என்றார் குமாரசாமி. குரல் தணிந்துவிட்டது. “டாக்டரு எடது கையில பழகிட்டாரு. ஞாயித்துக்கெழமை மொதல் குண்டு அவருதான். நா வேண்டாம்னுதான் சொன்னேன். அவரு என்ன சொன்னாருங்கறீங்க? ‘செல்லமுத்து உலுக்குன கூடா இருந்தாப் போதும், கண்ண மூடிட்டுச் சுடுவேன்’ங்கறாரு. உங்க மேல அப்பிடியொரு நம்பிக்கை மனுசனுக்கு.”

அன்று செல்லமுத்து வீட்டில் சாப்பிடவில்லை. தட்டில் கையே வைக்கவில்லை. மாரக்காள் என்னென்னவோ கேட்டாள். அவளுடைய உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பிச் சத்தம் இப்போது விட்டுவிட்டு வரவில்லை. இருக்கிறது என்று தெரிந்துவிட்ட பிறகு அது ஒரு நொடிகூட நிற்கவில்லை. வாசலில் காயப்போட்ட துணி ஆடினாலும் கிணிங். மரத்திலிருந்து இலை விழுந்தாலும் கிணிங். உலகத்தில் இருக்கிற பழுது எல்லாம் நல்லது என்றே சொல்லிக்கொண்டிருந்தது அது.

சனிக்கிழமை பத்து மணிக்கு ராசிபுரத்தில் டாக்டர் கிளினிக்குக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்து, மூன்றாவது தடவை படியேறினார்.

உள்ளே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் டாக்டர் யாருக்கோ பல்லைக் குடைந்துகொண்டிருந்தாள். நாற்காலியில் கிடந்த ஆள் கால்விரல்களை மடக்கி, கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அம்மா மடியில் முகத்தைப் புதைத்தது. செல்லமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அறையில் எந்தச் சத்தமும் இல்லை.

தீனதயாளன் பின்னறையில் இருந்தார். அவருடைய பழைய நாற்காலியும் கருவிகளும் அங்கே உறை போட்டு இருந்தன. இவரைப் பார்த்ததும் எழுந்து, மிச்சமிருந்த வலது கையை நீட்டப்போய், சட்டென்று இடது கையை நீட்டினார்.

“வாங்க வாங்க செல்லமுத்து. பல்லுங்களா?”

“இல்லீங்க டாக்டருங்க.”

“பின்ன என்ன? நாளைக்கு எனக்குன்னு தனியா அம்பது எடுத்து வெச்சிருக்கீங்களா?”

செல்லமுத்து டப்பியை எடுத்துத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார். துண்டு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. டாக்டர் அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். என்னவென்று சொல்லவேண்டி இருக்கவில்லை.

“விளிம்பப் பாருங்க. பாதி கருப்பு. போர் ராடு முறிஞ்சா...”

“பல்லும் அப்படித்தான்” என்றார் டாக்டர். இடது கையால் துண்டை எடுத்து விளக்கை இழுத்துப் பிடித்தார். “பழைய விரிசல்ல கறை ஏறியிருக்கும். புதுசா ஒடஞ்சது வெள்ளையா இருக்கும். பாத்தாலே தெரிஞ்சிரும்.”

வெகுநேரம் பார்த்தார். செல்லமுத்து சொல்லவேண்டியதை எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். வெறுங்கையை உலுக்கியதையும் சொன்னார். அடைத்து வைத்த முந்நூறைப் பற்றியும், செக்ரட்டரி சொன்னதையும் சொன்னார். நிமிர்ந்தபோது டாக்டர் நாற்காலியின் உறையை விலக்கி, பல் குடைகிற கருவியை இடது கையில் எடுத்திருந்தார். அதை செல்லமுத்துவின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு, காலடியில் இருந்த மிதிகட்டையை அழுத்தினார்.

“கேக்குதா?”

“என்னதுங்க?”

“இது.”

“ஓட்டறீங்களா?”

டாக்டர் காலை எடுத்தார். பெஞ்சில் இருந்த குழந்தை வெளியே வீறிட்டு அழுவது மட்டும் மங்கலாகக் கேட்டது. கருவியைப் பழையபடி மாட்டி, உறையை இழுத்து மூடினார். அதற்கு நேரம் பிடித்தது. ஒரு கையால் மூட வேண்டியிருந்தது. செல்லமுத்து உதவப் போனார்.

“வேண்டாம். நீங்க நில்லுங்க.”

போனை எடுத்துக் குமாரசாமியைக் கூப்பிட்டார். “அடைச்சு வெச்ச முந்நூறும் நாளைக்கு வெளிய வரக்கூடாது. வந்துதுன்னா நா நேரா எஸ்.பி. ஆபீசுக்குப் போவேன். காரணம் எங்கிட்ட இருக்குது, பித்தளையில இருக்குது.” அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்.

“ஏழு மாசம் இத எங்க வெச்சிருந்தீங்க?”

செல்லமுத்து சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

“அறிவு இங்க வந்தான், தெரியுமா? பொண்டாட்டி புள்ளையோட வந்து இந்தப் படியில நின்னான். ஒரு தடவ என்னைய நம்புங்க சார்னான். நா உள்ள விடல. செக்யூரிட்டிய வெச்சு வெளிய அனுப்பினேன்.” டாக்டர் மடங்காத கட்டைவிரலை மற்றக் கையால் மடக்கப் பார்த்து விட்டுவிட்டார். “அதுக்கு முந்தின வாரம் நீங்க ஆஸ்பத்திரில என்ற கட்டிலுக்குப் பக்கத்துல ஆரஞ்சுப் பழத்தோட உக்காந்திருந்தீங்க.”

“ஆமாங்க.”

“பையில இதோட.”

“ஆமாங்க.”

டாக்டர் துண்டைத் திரும்ப டப்பியில் போட்டு மூடி அவர் பக்கம் தள்ளினார்.

“இது எனக்கு வேண்டாம். எனக்குப் போனது போனதுதான், இத வெச்சு ஒட்ட வெக்க முடியாது. இது அறிவோடது. கொண்டுபோய்க் குடுங்க. நீங்களே குடுக்கோணும். போலீசுக்குப் போறதா, உங்களை என்ன பண்றதுங்கறத அவன் சொல்லட்டும். இப்பப் போங்க. எனக்கு உங்க மூஞ்சியப் பாக்க முடியல.”

புதுச்சத்திரம் முட்டைக் கிடங்கில் மூன்று லாரிகள் இன்ஜினை அணைக்காமல் நின்றன. ஆட்கள் வரிசையாக நின்று முட்டை அட்டைகளைக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அறிவழகன் லாரிக்குப் பின்னால் நின்றான். முன்பு மருந்தைத் தராசில் கடுகு கடுகாக நிறுத்த கை. இளைத்துப் போயிருந்தான். ஆறு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏந்திக்கொண்டிருந்தவன் செல்லமுத்துவைப் பார்த்ததும் நின்றான். கையில் இருப்பதைக் கீழே வைக்க முடியாது. பின்னால் ஆள் வந்துகொண்டிருந்தான்.

செல்லமுத்து டப்பியைத் திறந்து நீட்டினார். அறிவழகன் எட்டிப் பார்த்தான். அவனுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஆயிரக்கணக்கான கூட்டை அடைத்த கண். கறுத்த விளிம்பைப் பார்த்தது, பளபளத்த விளிம்பைப் பார்த்தது. அவன் கையில் இருந்த அட்டைகள் லேசாக ஆடின. முட்டை ஒன்றோடொன்று இடித்திருக்கும். செல்லமுத்துவுக்குக் கேட்கவில்லை.

மேல் அட்டையில் ஒரு குழி மட்டும் காலியாக இருந்தது. அறிவழகன் தாடையால் அதைக் காட்டினான். செல்லமுத்து துண்டை எடுத்து அந்தக் குழியில் வைத்தார். இருபத்தொன்பது முட்டைக்கு நடுவே அது கிடந்தது.

“நாந்தான்” என்றார். “உலுக்கினது நாந்தான். அதுல பழைய விரிசல் இருந்துது. உன்ற மேல தப்பில்ல. அது நாலாம் நாளே எனக்குத் தெரியும். யாருகிட்ட வேணும்னாலும் வந்து சொல்றேன், நீ எங்க கூப்புட்டாலும் வாரேன்.”

அறிவழகனின் உதடு அசைந்தது. லாரி இரைச்சலில் ஒரு சொல்லும் வரவில்லை. வந்ததெல்லாம் அந்தக் கிணிங்தான், சுத்தமாக, எப்போதும்போல. இத்தனை நாள் இந்த மாதிரி நேரங்களில் அவர் தலையை ஆட்டி, “ஆமாமா” என்று சமாளித்துவிடுவார். கிளப்பில் அப்படித்தான் வண்டி ஓடியது. இன்றைக்கும் தலை ஆடப் பார்த்தது. நிறுத்தினார்.

“எனக்குக் காது கேக்கறதில்லீங்க” என்றார். அவனை ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. “சத்தமாச் சொல்லுங்க.”

அறிவழகன் அவரைப் பார்த்தான். அட்டைகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான். பிறகு லாரிக்காரர்கள், ஏற்றுகிறவர்கள், கிடங்குக்குள் அட்டை துடைக்கிற பெண்கள், எல்லாரும் கையை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

“ஏழு மாசம்னு சொன்னேன்!”

அது கேட்டது.